இரண்டாவது கேபிள்

“எட்டு மாசமா ஒரு கேபிள் செத்துக் கிடக்கு, அது ஒருத்தருக்கும் தெரியலைன்னா என்ன அர்த்தம்? எட்டு மாசம்!”

மூன்றாவது தடவையாக அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை.

கத்தியவர் ஒரு மருத்துவமனையின் சர்வர்களுக்கு மேலாளர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பனியனோடு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கத்தினார்.

ஸ்பீக்கரில் டெக்னீஷியன். இவரைவிட நாலு வயது பெரியவர்.

“எலெக்ட்ரீஷியன் சர்வர் ரேக்கை நகர்த்தினப்போ கழண்டிருக்கும் போல சார். ஆனா சர்வர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. யாரும் குறை சொல்லல. அதனால...”

“அதனால?”

“போய்ப் பார்க்கல சார்.”

“ஆனா மாசாமாசம் ‘ரெண்டும் நல்லா இருக்கு’ன்னு டிக் மட்டும் அடிச்சிருக்கீங்க. கை கூசலையா?”

“பழக்கத்துல அடிச்சிட்டேன் சார். மேலே மட்டும் எழுதிடாதீங்க. வேலை போயிடும். இந்த வயசுல எவன் சார் என்னைச் சேர்த்துக்குவான்?”

“அதை டிக் அடிக்கும்போது யோசிச்சிருக்கணும்.”

மேலாளர் போனை வைத்துவிட்டார்.

“காலையில அப்படி என்னதாங்க ஆச்சு?”

மனைவியின் குரல் பின்னறையிலிருந்து வந்தது. அவருடைய அப்பா பக்கவாதம் வந்து அங்கேதான் படுத்திருக்கிறார். அவள் மாமனாருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒரு சர்வருக்கு ரெண்டு நெட்வொர்க் கேபிள். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டிடுவோம். பாரத்தை ரெண்டும் பங்கு போட்டுக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு மொத்தத்தையும் தாங்கும்.”

“நல்லதுதானே?”

“அதுதான் ஆபத்து. அது பேசாம தாங்கிக்கிட்டே இருக்கறதால, இது போனதே வெளியில தெரியாது. இன்னிக்குக் காலையில அதுவும் போச்சு. பில், லேப், மருந்துக்கடை, மூணும் நாற்பது நிமிஷம் அவுட்.”

“மூணையும் தனித்தனியாப் பிரிச்சு வெச்சுட்டேன், ஒண்ணுக்கு ஆனா இன்னொண்ணுக்கு ஆகாதுன்னு போன வாரம் பீத்திக்கிட்டீங்களே?”

“அது விலான்னு, ஒரே கேபிளுக்குள்ள பிரிக்கறது. ஒரே ரோட்டுல கோடு போட்டு மூணு பாதையாப் பிரிக்கற மாதிரி.”

“ரோடே போனா கோடு என்ன பண்ணும்?”

“கரெக்ட்! உனக்குப் புரியுது. இருபது வருஷ சர்வீஸ், அந்த ஆளுக்குப் புரியல.”

மனைவியைப் பாராட்டியதில் அவருக்கே ஒரு திருப்தி. லேப்டாப்பைத் திறந்து அறிக்கை தட்ட ஆரம்பித்தார்.

“பாவங்க அவரு. கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிச்சா போதாதா?”

“நீ சும்மா இரு. போய்ப் பார்க்காம டிக் அடிக்கறவங்களை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்த முடியாது. நோயாளிங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.”

தட்டினார்: ‘செய்யாத வேலையைச் செய்ததாகப் பதிவு செய்வது கவனக்குறைவு அல்ல, மோசடி.’

‘மோசடி’ கொஞ்சம் கடுமையோ என்று எடுத்தார். அப்புறம் மறுபடி போட்டார்.

மனைவி வந்து ஓர் அட்டையை அவர் பக்கத்தில் வைத்தாள். வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்த இடது கையை எடுத்து, அந்தக் கையாலேயே வைத்தாள்.

“நாளைக்கு நர்ஸ் வருவாங்க.”

அட்டையின் மேல் நர்ஸ் எழுதியிருந்தது: ‘படுக்கைப் புண் வராமல் இருக்க, நோயாளியை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவும். இருவர் சேர்ந்தே புரட்டவும். இருவரும் கையெழுத்திடவும்.’

கீழே நாள்வாரியாக, மணிவாரியாகக் கட்டங்கள். முதல் ஆளுக்கான வரிசையில் இன்று நண்பகல் வரை அவளுடைய கையெழுத்து. இரண்டாவது ஆளுக்கான வரிசை, திங்கள் முதல் ஞாயிறு வரை, காலி.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேனாவை வாங்கி இரண்டாவது வரிசையில் மளமளவென்று போட்டுக்கொண்டே போனார். திங்கள், செவ்வாய், புதன்... ஞாயிறு முடியும்வரை. இன்னும் வராத மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் சேர்த்தே போட்டார்.

அட்டையைத் தள்ளினார். அறிக்கையை அனுப்பினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டெக்னீஷியன் இடத்துக்கு வேறு ஆள் கேட்டு யாரையோ அழைத்தார்.

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது.

“என்னங்க... மணி மூணு ஆச்சு. எனக்குத் தோளைத் தூக்கவே முடியல. இன்னிக்கு ஒரே ஒரு தடவை வந்து அந்தப் பக்கம் பிடிங்களேன்.”