முதல் பெஞ்சு

என் பாராட்டு விழா மேடையில் அந்தப் படத்தைத்தான் பெரிதாக மாட்டியிருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்கும் எட்டு வயதுச் சிறுமி. கீழே, ‘இவளுக்கு உள்ளே இடமில்லை’ என்று நான் எழுதிய வரி. எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி கேட்டுப் போராடிய எங்கள் அமைப்பை நாலு பேருக்குத் தெரியவைத்தது அந்தப் போஸ்டர். பிரசுரம் எழுதும் வேலைக்குச் சேர்ந்த என்னை இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்ததும் அதுதான்.

அவளுக்கு உள்ளே இடம் இருந்தது. முதல் பெஞ்சு. வெளியே வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று நான்தான் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தேன். செருப்பையும் கழற்றச் சொன்னேன்.

மண்டப வாசலில் ஒரு பெண் வந்து கும்பிட்டாள்.

“என் பேரு பவுன்தாய் சார். அந்தப் படத்துல இருக்கறது நான்தான்.”

“அன்னைக்கு ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டேனாம்மா?” என்றேன்.

“இல்ல சார், நீங்க அஞ்சு நிமிஷத்துல ஜீப்புல ஏறிட்டீங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. “உள்ள போன்னு சொல்லாமப் போயிட்டீங்க. நீங்க சொல்லாமக் கூப்பிட டீச்சருக்கும் பயம். சாயங்காலம் பெல் அடிக்கற வரைக்கும் கம்பியப் புடிச்சிக்கிட்டு அங்கயேதான் நின்னேன்.”

மேடையில் என் பெயரை அழைத்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் போகச் சொல்லட்டும் என்று வாசல் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.