நேர்ந்துவிட்ட முடி

கத்தரியைப் பார்த்ததுமே மீனம்பாள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கி செவ்வாக்கெழமையாச்சே மேடம், அதான் பயப்படுது," என்றான் வீராசாமி, கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த இடத்தின் பலகையில் 'வீடற்றோர் பகல்நேர மையம்' என்று எழுதியிருக்கும். வருகிறவர்களுக்கு அது 'குளிக்கிற ஆபீசு'. குளிக்கலாம், துணி துவைக்கலாம், மதியம் சாப்பிடலாம். சாயங்காலம் கிளம்பிவிட வேண்டும்.

வீராசாமி கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறான். செவ்வாயன்று ஊரில் யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை, கடைக்கு லீவு. அதனால் அன்று மட்டும் இங்கே வந்து காசு வாங்காமல் வெட்டிவிடுவான்.

"செவ்வாயில வெட்னா குடும்பத்துக்கு ஆவாதாம். நமக்கு ஏதுடா குடும்பம்? நீ ஓட்டுடா மிஷின," என்றார் வரிசையில் முதலாவதாகக் குந்தியிருந்த பச்சைமுத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

மீனம்பாள் சிரிக்கவில்லை.

மையத்தைப் பார்த்துக்கொள்ளும் காயத்ரி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இந்த அம்மாள் வந்து எட்டு நாளாகிறது. நேற்றுதான் முதல்முறையாகக் குளிப்பாட்ட விட்டாள். சடை பிடித்துப் பாய் மாதிரி ஒட்டிக்கிடந்த முடிக்கு அடியில், பிடரிக்குச் சற்று மேலே, ஒரு புண் இருந்தது. புழு வைத்திருந்தது.

முடியை எடுத்தால்தான் மருந்து வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு நாள் விட்டால் உயிருக்கே ஆபத்து.

"செவ்வாயா இருந்தா இன்னா, வெள்ளியா இருந்தா இன்னா," என்றாள் மீனம்பாள், கையை எடுக்காமல். "இது என் முடியே இல்ல கண்ணு. மலையனூர் அங்காளம்மாவுக்கு நேந்துவிட்டது. வேண்டிக்கினது நடந்தாத்தான் எறக்கணும். அதுவும் அவ வாசல்ல."

"எதுக்கும்மா வேண்டிக்கினீங்க?"

"மவனுக்காவ."

அதற்கு மேல் காயத்ரி கேட்கவில்லை. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

மீனம்பாளின் சுருக்குப்பையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருந்தது. அதன் பின்னால் பேனாவால் எழுதிய ஒரு போன் நம்பர். நேற்று மாலை காயத்ரி அந்த நம்பருக்குப் பேசினாள். எடுத்தது மகன் செந்தமிழன்தான். அவன் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கணவனிடம்கூட.

இப்போது அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"உங்க மவன்கிட்ட பேசிட்டேம்மா. நாளைக்கே வந்து கூட்டிக்கினு போறேன்னு சொல்லிட்டாரு. வேண்டுதல்தான் பலிச்சுடுச்சே. புண்ணுக்கு மட்டும் இப்ப எடுத்துடலாம். முடியப் பத்திரமா வெச்சு கோயில்ல குடுத்துடுவோம்."

மீனம்பாளின் கைகள் தலையிலிருந்து நழுவின. வீராசாமி ஓரடி முன்னால் வந்தான்.

அவள் முகத்தில் காயத்ரி எதிர்பார்த்தது எதுவுமே இல்லை.

"வர்றானா?" என்று கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, பையைத் தேடினாள். "அப்ப நான் கெளம்பணும். இங்க இருக்கக்கூடாது."

காயத்ரி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மீனம்பாளுக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டு வாட்டி தேடிப் புடிச்சு வூட்டுக்கு இட்டுக்கினு போனான். ரெண்டு வாட்டியும் மருமவ புள்ளையத் தூக்கிக்கினு தாய்வூட்டுக்குப் பூட்டா. அவமேல தப்பு சொல்லக்கூடாது. எனக்குத் தல கொழம்புச்சுன்னா இன்னா பண்றேன்னு எனக்கே தெரியாது. ஒருவாட்டி புள்ளையக் கொண்டும்போயி எரியற அடுப்பு மேல…"

அவள் முடிக்கவில்லை.

"மூணாவது வாட்டி அவன் என்னத் தேடி வரக்கூடாதுன்னுதான் நேந்துக்கினேன். அங்காளம்மா கேக்கல. என் முடி அவளுக்கு வேணாம்போல."

வீராசாமி கத்தரியைக் கீழே வைத்தான். வெளியே பேருந்துக்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக் கூப்பிடும் சத்தம் வந்தது.

இந்த அம்மாள் காதில் விழவே கூடாது என்று நேற்றிலிருந்து பொத்திவைத்த வார்த்தைகளைக் காயத்ரி இப்போது சொன்னாள்.

"அம்மா, நான் சொன்னது பொய். அவர் வரமாட்டாரு. 'எங்கம்மா செத்து ஒரு வருஷம் ஆவுது. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க'ன்னு சொல்லி போனை வெச்சிட்டாரு."

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

மீனம்பாள் காயத்ரியின் முழங்காலில் கை ஊன்றி, இன்னும் கிட்டே நகர்ந்து வந்தாள்.

"அவன் பேசறப்ப, வூட்ல கொழந்த சத்தம் எதுனா கேட்டுச்சா கண்ணு?"

கேட்டிருந்தது. ரப்பரைக் காணோம் என்று ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. எழுதி முடித்தால்தான் டிவி என்று ஒரு பெண் குரல் அதட்டிக்கொண்டிருந்தது.

காயத்ரி அதையும் சொன்னாள்.

மீனம்பாள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். முந்தானையை உதறி, புண்ணோடும் சடையோடும் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மலையனூருக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?"