தேனீக்களுக்குச் சேதி

கான்ஸ்டபிள் பர்கிஸ் தொப்பியைக் கழற்றினார்.

“மனசைத் திடப்படுத்திக்கோ ஹெஸ்டர். உன் புருஷன் ஐசக் மில் குட்டையில செத்துக் கெடக்கான். இப்பத்தான் பார்த்தேன். ஊர்ல வேற யாருக்கும் தெரியாது.”

“நேத்து சந்தைக்குன்னு போன மனுஷனாச்சே” என்று ஹெஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“உன் தேனீங்களுக்கு நான் சொல்லிடறேன். எஜமான் செத்ததை உடனே சொல்லி, பெட்டியில கறுப்புத் துணி கட்டலேன்னா அத்தனையும் பறந்துடும். எங்கப்பா செத்தப்ப மறந்துட்டோம், ஒண்ணுகூட மிஞ்சல.”

“வேண்டாங்க, நானே சொல்லிக்கறேன்.” அவள் தோட்டத்துக் கதவை மறித்து நின்றாள்.

“உன்னால நிக்கவே முடியல” என்று அவளை விலக்கிவிட்டுப் போனார்.

நாலு பெட்டியிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். இரவுப் பனியில் நனைந்து ஈரமாக இருந்தது.

பர்கிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“இதுங்களுக்கு யார் சொன்னது, ஹெஸ்டர்?”