கரடியா, அணிலா?

"கரடியைத் தூக்கிட்டு அணிலை வைக்கணுமாம்! கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

ஹார்லன் போட்ட சத்தத்தில் பள்ளி விளையாட்டுக் கூடத்தின் கூரைப் பனியே சரிந்திருக்கும்.

மேடையில் இருந்த லொரெய்ன் கையிலிருந்த பட்ஜெட் தாளைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக் குழுவின் தலைவி அவள். நியூ ஹாம்ப்ஷயரின் அந்தச் சின்ன ஊரில் மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஊரே கூடும். ஆளுக்கொரு பச்சை வாக்கு அட்டையைத் தூக்கி, பள்ளி பட்ஜெட்டை வாழவைக்கும், அல்லது வெட்டிப்போடும். இந்த வருடம் லொரெய்ன் கேட்பது ஒன்றுதான். எப்போதாவது வந்துபோகும் நர்ஸ் கோலீனை முழுநேரம் ஆக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ஒரு பிள்ளைக்கு மூச்சுத் திணறியது. அன்று பார்த்து நர்ஸ் இல்லை. ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் ஆசிரியர்களுக்கும் பாதி உயிர் போய்விட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, நல்ல வேளை. இன்றும் பணம் கிடைக்காவிட்டால் கோலீன் நகரத்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள்.

குறுக்கே நிற்பவர் ஹார்லன். முப்பது வருடமாக எந்த பட்ஜெட்டையும் அவர் எதிர்க்காமல் விட்டதில்லை. போன வருடம் இதே நர்ஸ் வேலையை, "முட்டியில பிளாஸ்திரி ஒட்ட ஒரு ஆளா?" என்று ஒரே கேள்வியில் கவிழ்த்தவர். அவர் வாயைத் திறந்தால் பாதி ஊர் அட்டையை மடியில் வைத்துக்கொள்ளும்.

போதாக்குறைக்கு இந்த டெஸ்மண்ட் வேறு. பாஸ்டனிலிருந்து போன கோடையில் குடிவந்தவன். பள்ளியின் சின்னமான கரடியை மாற்றச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தான். நியாயமாக அது கடைசியில்தான் வர வேண்டும். ஆனால் ஹார்லன் எழுந்து, "முதல்ல அணில், அப்புறம்தான் பட்ஜெட். எனக்கு ரத்தம் கொதிக்குது!" என்று கேட்க, ஊரே ஆமாம் போட்டுவிட்டது.

"கோபத்துல இருக்கிற ஜனம் எதைக் கண்டாலும் வெட்டும்," என்று பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் முணுமுணுத்தாள் லொரெய்ன். "நம்ம கதை முடிஞ்சுது."

டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தான். "கரடி முரட்டு மிருகம். குழந்தைங்களுக்கு அதுல என்ன பாடம் இருக்கு? அணிலைப் பாருங்க. சுறுசுறுப்பு, சேமிப்பு..."

"தம்பி," என்றார் ஹார்லன், "நீ இந்த ஊருக்கு வந்து எத்தனை நாளாச்சு? என் காலுறை உன்னைவிட இங்கே சீனியர்!"

கூடம் சிரித்தது.

"பக்கத்து ஊர்க்காரன் மைதானத்துக்கு ஓநாய்க் கொடியோட வர்றான். நம்ம பசங்க என்ன பண்ணணும்? வாலை ஆட்டிக்கிட்டு மரத்துல ஏறணுமா?"

"அணிலுக்கும் பல்லு இருக்கு சார்."

"எனக்கும்தான் இருக்கு. டம்ளர்ல!"

பின்வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹார்லன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, கரடி எப்படி உறுமும் என்று காட்டினார். டெஸ்மண்ட் விடவில்லை, அணில் எப்படிக் கத்தும் என்று காட்டினான். அவர் இன்னும் பலமாக உறுமினார். இவன் மறுபடி சீண்டினான். 'உட்கார்ந்து தொலையேன், புண்ணியவானே!' என்று லொரெய்ன் மனசுக்குள் கெஞ்சினாள். எங்கே உட்கார்ந்தான்? ஹார்லன் களைத்து இறங்கும்போதெல்லாம் கரடியை இன்னும் ஒரு வசவு வைதான். அவரும் மறுபடி ஏறினார்.

சமையலறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வேகும் பீன்ஸ் வாசனை வர ஆரம்பித்த பிறகுதான் ஒருவழியாக வாக்கெடுப்பு நடந்தது. கரடி பிழைத்தது. அணிலுக்கு அட்டை தூக்க நாதியில்லை.

"அடுத்தது பட்ஜெட்," என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

லொரெய்ன் எழுந்தாள். நர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

ஹார்லன் எழுந்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையின் விரலை உயர்த்தி, வாயைத் திறந்தார்.

பஞ்சரான டயர்போல வெறும் காற்றுதான் வந்தது.

கனைத்தார். மறுபடி திறந்தார். மறுபடியும் காற்று. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கரடி தூங்கப் போயிடுச்சு!" என்று யாரோ கத்த, சிரிப்பு அடங்கவே சிறிது நேரமாயிற்று.

"வேற யாராவது பேசறீங்களா?"

ஹார்லன் பேசுவார் என்று நம்பி வந்தவர்கள் யாரும் பேச்சுத் தயாரித்து வரவில்லை. பசி வேறு. பச்சை அட்டைகள் மளமளவென்று எழுந்தன. ஒரு வெட்டு இல்லாமல் பட்ஜெட் நிறைவேறியது. வாசலோரம் நின்றிருந்த கோலீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டு வரிசையில் டெஸ்மண்டைத் தனியாகப் பிடித்தாள் லொரெய்ன். "ஏம்ப்பா, என்னைக் கொல்லப் பார்த்தியே! அப்படி என்ன அணில்மேல பாசம்?"

"அணிலா? எங்க வீட்டுப் பரண்ல குடியிருந்து ஒயரையெல்லாம் கடிச்சு வச்சிருக்கு. அதுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்புறம் எதுக்கு இந்தத் தீர்மானம்?"

டெஸ்மண்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஹார்லன் சார்தாங்க எழுதிக் கொடுத்தார். 'அந்தப் பொண்ணு கோலீன் பள்ளிக்கூடத்துல இருந்தே ஆகணும்; ஆனா எனக்குக் குரல் இருந்தா எதிர்க்காம இருக்க முடியாது, முப்பது வருஷப் பேரு கெட்டுப்போயிடும். அதனால என் தொண்டை கட்டற வரைக்கும் நீ உட்காராதே'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினார்."