கையை எடு!

"மீட்டர்ல ஜீரோ காட்டும்மா. ம்... இப்பப் போடு."

ஜெகதளா போகிற மலைவழியிலிருந்த அந்தச் சின்ன பெட்ரோல் பங்க்கில், ரஞ்சனி காரை விட்டு இறங்கி நின்று மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் மூன்று வயது மகள் நல்ல தூக்கம்.

பங்க்கில் எப்படி உஷாராக இருக்க வேண்டும் என்று ஊருக்கே வகுப்பெடுப்பவள் அவள். பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் போனைக் காதில் வைத்தார். விடுவாளா?

"ஏனுங்க, பாத்தா படிச்சவராட்டம் இருக்கறீங்க. பெட்ரோல் போடற எடத்துல போன் பேசலாமுங்களா? நெருப்புப் புடிச்சா யாரு பொறுப்பு?"

அவர் கப்சிப்பென்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்ரோல் போட்டு முடித்த பங்க் பெண் தபித்தாள் கார்டு மெஷினை எடுக்க உள்ளே போனாள். பெருமையோடு திரும்பிய ரஞ்சனிக்குப் பகீரென்றது.

காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு ஆள் சாய்ந்து நிற்கிறான். சேறு அப்பிய ஸ்வெட்டர். எஸ்டேட் மெஷினுக்கு பெட்ரோல் வாங்க வந்தவன் போல. கொண்டுவந்த காலி கேன் கீழே உருண்டு கிடக்கிறது. முகமெல்லாம் சிவந்து, ஈரத் தரையில் கால் வழுக்கி வழுக்கித் தள்ளாடுகிறான்.

"சே! பட்டப்பகல்லயே தண்ணியா? கையை எடுய்யா!"

எடுக்கவில்லை. மூச்சு வாங்க, "அம்மா... நீங்க மொதல்ல... உள்ள ஏறுங்க" என்றான்.

"எனக்கே ஆர்டரா? என் வண்டில நான் எப்ப ஏறணும்னு நீ சொல்லுவியா? உள்ள பொம்பளப்புள்ள தூங்குது. கையை எடுடா!"

"ஏறு... ங்கம்மா..."

வார்த்தை குழறியது. இனி என்ன சந்தேகம்!

"இரு, உன்னைய வீடியோ எடுத்து நம்மூர் குரூப்புல போடறேன்" என்று போனைத் தூக்கினாள். அதே பங்க், அதே பெட்ரோல். போன் மட்டும் இப்போது அவளுடையது.

பைக்கில் வந்தவர் சிரித்தார். "போதை தலைக்கேறிருச்சுங்க. சொன்னாக் கேக்க மாட்டான்."

ரஞ்சனிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கையிலிருந்த குடையால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அவன் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். கையை எடுக்கவில்லை. போதாததற்குத் தோளையும் வைத்துச் சாய்ந்தான்.

இவனோடு மல்லுக்கட்டி ஆகாது, பிள்ளையோடு கிளம்பிவிடலாம் என்று டிரைவர் சீட்டில் தாவி உட்கார்ந்தாள். வழக்கம்போல் கால் பிரேக்கை மிதித்தது. கை கியருக்குப் போனது.

கியர் நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட்பிரேக் இழுக்கவே இல்லை.

பனியில் இழுத்துவைத்தால் காலையில் ஒட்டிக்கொள்ளும் என்று ஹேண்ட்பிரேக்கையே தொடாமல், கியரில் விட்டு டயருக்குக் கல் வைப்பதுதான் அவள் வீட்டு வழக்கம். இங்கே கியரும் இல்லை, கல்லும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரே சரிவு. அது இறங்குகிற மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

பிரேக்கில் கால் பட்ட பிறகுதான் அந்தக் கைகள் காரை விட்டிருந்தன. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அண்ணா..." என்றாள்.

வீங்கிய மணிக்கட்டை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு அவர் மெதுவாகக் கேட்டார்:

"சத்தத்துல பாப்பா முழிச்சுக்கலீங்களே?"