கல்லு விழுந்த எடம்

"ஏய், கயித்துக்கு அந்தாண்ட நில்லு! சாமிக் கல்லு மேல உன் நெழல் வுழுது!"

ஊர்ப் பெரிய மனுசர் கோதண்டபாணி போட்ட கத்தலில் அம்சவள்ளி நாலடி பின்னால் போனாள். வாய் மட்டும் பின்வாங்கவில்லை.

"என் கூரையப் பொத்துக்கினு, கொதிக்கிற பானைய ஒடைச்சு, அடுப்புல வுழுந்த கல்லுங்க அது. நான் ஒடைஞ்ச பானை ஓட்டைப் பொறுக்கறதுக்குள்ள உங்க ஆளுங்கதானே தூக்கினு போனாங்க?"

ஊர் சிரித்தது. வானத்திலிருந்து இறங்குகிற சாமி, மயிலம் பக்கம் இத்தனை நிலம் நீச்சு கிடக்க, காலனியில் ஒரு கூலிக்காரி அடுப்பிலா போய் உட்காரும்? தன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே விழுந்ததாகக் கோதண்டபாணியே சொல்லிவிட்டார். அப்புறம் என்ன! கீற்றுக் கொட்டகை, மைக் செட்டு, தினமும் அபிஷேகம். கல்லைக் கழுவின தீர்த்தத்தில் முதல் மூன்று மடக்கு அவருக்கு.

மெட்ராசிலிருந்து கிருஷ்ணவேணி என்ற ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். கல்லின் இடுக்கில் ஒரு சில்லு பெயர்த்துக்கொண்டார்.

"சாப்ட்டுப் போங்கம்மா," என்றார் கோதண்டபாணி. "எங்க வூட்ல நெல்லுச் சோறுதான். கேப்பை எல்லாம் காலனிக்காரங்க துண்றது. எங்க அடுப்புல ஏறி இருவது வருசமாச்சு."

அம்சவள்ளி கயிற்றுக்கு அந்தாண்டையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பானை போனால் போகட்டும். பொய்க்காரி என்று பேர் வாங்கினதுதான் பேஜாராக இருந்தது.

நாலு மாசம் கழித்து அந்தம்மா திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கினார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"ஆக்சிஜன்லயே லேசு, கனம்னு வகை இருக்குங்க. ஐசோடோப்னு பேரு. எது எவ்வளவு கலந்திருக்குன்னு பார்த்தா ஒரு பொருள் எங்க பொறந்ததுன்னு சொல்லிடலாம். இந்தக் கல்லு பூமியில பொறந்ததே இல்ல."

"பாத்தீங்களாடா!" என்று கோதண்டபாணி மீசையைத் தடவிக்கொண்டு இன்னொரு மடக்கு தீர்த்தம் குடித்தார்.

"ஆனா, இடுக்குல கருகி ஒட்டியிருந்தது இங்கத்துச் சரக்கு. அதுல இருந்த கார்பனையும் அதே மாதிரி பார்த்தோம். நெல்லுக்கு ஒரு அளவு, கேப்பைக்கு வேற அளவு. கேப்பைத் தவிடும் கெடைச்சுது. அது அடிப்பிடிச்ச கூழுங்க."

எல்லார் கண்ணும் கோதண்டபாணியின் கையிலிருந்த சொம்புக்குப் போனது.

அம்சவள்ளி கயிற்றைத் தாண்டி வந்தாள்.

"நாலு மாசமா என் கூழைத்தான் கழுவிக் குடிச்சிக்கினு இருந்தீங்களா? உப்பெல்லாம் சரியா இருந்துச்சுங்களா, அய்யா?"