துக்க மணி

அறுபத்தொரு மணி நேரமாக ரெஜினா கணவனின் உடலுக்காகக் காத்திருக்கிறாள். ராயபுரம் வீட்டைக் கண்டெய்னர் லாரிகள் கடக்கும்போதெல்லாம், அவனுக்கு உடுத்த மடித்து வைத்த வெள்ளைச் சட்டையின் மேல் செபமாலை நடுங்குகிறது.

“பாடி கோயிலாண்ட வந்தாதான் துக்க மணி அடிப்பாங்கோ. தெருவே வாசல்ல குந்திகினு கீது. எப்ப அனுப்புறாங்கோ, சொல்லு நைனா,” என்று போனில் கேட்கிறாள்.

பாலைவன நாட்டில் அவள் கணவனோடு வேலை செய்த கொழுந்தன் சவரி இருமுகிறான். “இங்க கோயிலே இல்ல அண்ணி. நம்ம ஜனம் நாலு பேர்தான். ரூம்ல கதவச் சாத்திகினு செபம் பண்றோம்.”

“அத்த வுடு. உங்கண்ணன் எப்ப வரும்?”

கோயிலில் அந்தி மணி அடிக்கிறது. 

“கம்பெனில அனுப்ப மாட்டேன்னுட்டாங்கோ. சாமியாரும் இல்லாம, நேத்தே நாங்க நாலு பேரும் பொதச்சிட்டோம் அண்ணி.”